மொளகா கழுவின வேம்பாயி

காலை உதைக்காம படு தேனு. தலகாணியைத் தள்ளியாச்சு, போர்வையைத் தள்ளியாச்சு, இனி அத்தைதான் பாக்கி. கண்ணை மூடிக்கோ. மூடிக்கிட்டே ம் கொட்டு. ம் நின்னா கதையும் நின்னுடும், சொல்லிட்டேன்.

ஒரு ஊர்ல ஒரு வாத்துக்காரி. ஒரு ஊர்லன்னு சும்மா சொல்றேன், அவளுக்குன்னு ஒரு ஊரு கிடையாது. எந்த ஊர்ல அறுப்பு முடியுதோ அந்த ஊருக்கு வாத்தை ஓட்டிக்கிட்டுப் போவா. அறுத்த வயல்ல நெல்லு சிந்திக் கிடக்கும், நத்தை கிடக்கும், புழு கிடக்கும். வாத்துங்க அதைத் தின்னும். தின்னு முடிச்சா அடுத்த ஊரு. அவ பேரு வேம்பாயி.

“ம்.”

புருஷன் செத்துப்போயிட்டான். புள்ளை இல்ல. வாத்துதான் எல்லாம். நூத்திச் சொச்சம் வாத்து. அவ முன்னாடி நடந்தா, பின்னாடி பக்குபக்குபக்குன்னு ஒரு ஊர்வலமே வரும். “த்தா… த்தா… த்தா…”ன்னு ஒரு குரல் கொடுத்தா போதும், எங்க இருந்தாலும் குவாக் குவாக்குன்னு ஓடி வந்து அவ காலைச் சுத்திக்கும். ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சிருந்தா. மஞ்சமூக்கி, சட்டித்தலைச்சி, ஆட்டக்காரி, ஊமச்சி.

“ஊமச்சி ஏன் அத்தை?”

அது கத்தாது. தலையை மட்டும் ஆட்டும். கேளு.

அப்போ ஒரு தை மாசம், வாய்க்கால் ஓரமா இருந்த ஒரு ஊருக்கு வந்தா. கீத்துல ஒரு சின்னக் குடிசை போட்டுக்கிட்டா. வாத்துங்க அறுத்த வயல்ல மேஞ்சுது. ஆனா பக்கத்துலயே வைத்திலிங்கம்னு ஒருத்தரோட நாத்தங்கால் இருந்துச்சு. நாத்தங்கால்னா நெல்லு விதைச்சு நாத்து வளர்க்குற சின்ன வயல். பச்சைப் பட்டு விரிச்ச மாதிரி இருக்கும். ஒரு நாள் வேம்பாயி வாய்க்கால்ல குளிச்சுட்டு வர்றதுக்குள்ள, அம்புட்டு வாத்தும் சளப் சளப்புன்னு அதுக்குள்ள இறங்கி மிதிச்சுத் துவைச்சுடுச்சு.

வைத்திலிங்கம் கம்போட ஓடி வந்தாரு. “ஏய், என் நாத்தை அழிச்சுட்டியே! யாரு கட்டிக் குடுப்பா?”

வேம்பாயி கும்பிட்டா. “தப்புதான் ஐயா. என்ன சொன்னாலும் செய்யுறேன். உங்க வயல்ல இறங்கி வேலை செஞ்சு கழிச்சுடுறேன்.”

“ஒண்ணும் வேணாம். இன்னொரு தடவை உன் வாத்து என் வரப்பு பக்கம் வந்துச்சு…” அவ்வளவுதான் சொன்னாரு. மிச்சத்தைச் சொல்லாம போயிட்டாரு.

“ம்.”

அதுக்கு நாலாம் நாள். காலையில பனி இன்னும் விலகல. வேம்பாயி ஏழு வாத்தோட வாய்க்கால்ல நின்னுக்கிட்டு இருந்தா, அதுங்களுக்குச் சேறு அப்பியிருந்துச்சு, கழுவி விட்டுக்கிட்டு இருந்தா. மத்ததெல்லாம் முன்னாடி போயிடுச்சு. போன கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுடுச்சு. நூறு வாத்துச் சத்தம் திடீர்னு நின்னா எப்படி இருக்கும், நெனச்சுப் பாரு.

ஓடினா. வைத்திலிங்கத்தோட வரப்பு நெடுக நெல்லு தூவிக் கிடந்துச்சு. எலி மருந்து பெரட்டின நெல்லு. வாத்துங்க கழுத்து துவண்டு, சிறகை விரிச்சுக்கிட்டு அங்கங்க சாஞ்சு கிடந்துச்சு. ஊமச்சியைத் தூக்கி மடியில வச்சா. அது தலையை ஆட்டல.

“செத்துப்போச்சா?”

செத்துப்போச்சுடி கண்ணு. எல்லாம். அந்த ஏழு வாத்தைத் தவிர.

வேம்பாயி அப்படியே சேத்துக்காலோட வைத்திலிங்கம் வீட்டு வாசல்ல போய் நின்னா. “ஏன் செஞ்சீங்க?”ன்னு கேட்டா. வேற எதுவும் கேக்கல.

அவரு பல்லு தேச்சுக்கிட்டு இருந்தாரு. துப்பிட்டுச் சொன்னாரு, “நான் எலிக்கு வச்சேன். உன் வாத்து வந்து தின்னா அதுக்கு நான் என்ன பண்றது?”

அவ ஊர்ல நாலு பேர்கிட்ட சொன்னா. நாலு பேரும் உச்சுக் கொட்டினாங்க. “விடும்மா, ஊரு விட்டு ஊரு வந்தவ, எதுக்கு வம்பு”ன்னாங்க. சாட்சிக்குன்னு அந்த மருந்து நெல்லைக் கொஞ்சம் அள்ளித் துணியில முடிஞ்சு வச்சிருந்தா. அதை அவுத்துக்கூட யாரும் பாக்கல.

அப்புறம் அவளுக்கு உக்கார முடியல தேனு. நெஞ்சுக்குள்ள கபகபகபன்னு என்னமோ எரியுது. உக்காந்தா எந்திரிக்கத் தோணுது, எந்திரிச்சா நடக்கத் தோணுது. வாய்க்கால் கரையில அந்த மதகுக்கும் இந்த மதகுக்கும் விறுவிறுன்னு நடப்பா. சோத்தை வடிப்பா, தின்ன மாட்டா. அந்த ஏழு வாத்தும் அவ நடக்குற பக்கமெல்லாம் பின்னாடியே நடந்து நடந்து களைச்சுப் போகும். கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. வைத்திலிங்கம் பல்லு தேச்சுக்கிட்டே சொன்னாரே, அது மட்டும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. “நான் என்ன பண்றது, நான் என்ன பண்றது.”

“ம்.”

அப்போ அவ ஒரு முடிவு பண்ணா. நம்ம எரிச்சலை அவனுக்குக் குடுத்துட்டா நமக்கு ஆறிடும்னு.

உச்சி வெய்யில்ல, எல்லாரும் வீட்டுக்குள்ள சாப்பிடுற நேரமாப் பாத்து, ஒரு மம்பட்டியை எடுத்துக்கிட்டுப் போனா. வைத்திலிங்கம் மறுபடி விதைச்சு, நாத்து இப்பதான் ரெண்டு விரக்கடை உயரம் எழுந்திருந்துச்சு. வரப்புல சதக்… சதக்… சதக்குன்னு மூணே வெட்டு. தண்ணி சலசலசலன்னு வடிஞ்சு ஓடிப்போச்சு. நல்லா காயட்டும்னு நின்னு பாத்தா. பாக்குறப்போ நல்லாத்தான் இருந்துச்சு. குடிசைக்குத் திரும்புறதுக்குள்ள பழையபடி கபகபகப.

சாயங்காலம் பாத்தா, வரப்பை அடைக்க வந்தது வைத்திலிங்கம் இல்ல. அவரு பொண்டாட்டி செம்பகம். தனியா, கூடையில சேத்தை அள்ளி அள்ளிக் கொட்டிக்கிட்டு இருந்தா. திடீர்னு “ஆ!”ன்னு ஒரு சத்தம். சேத்துக்குள்ள கிடந்த கண்ணாடிச் சில்லு உள்ளங்கால்ல இறங்கிடுச்சு. வேம்பாயி மதகுக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. செம்பகம் நொண்டி நொண்டிப் போனா, வரப்பு முழுக்க ரத்தம் சொட்டுச் சொட்டா. இவ போய்த் தாங்கல. கால் முன்னாடி போச்சு, மறுபடி பின்னாடி வந்துடுச்சு.

“பாவம் அத்தை அந்தம்மா.”

பாவந்தான். ஆனா வேம்பாயிக்கு அப்போ பாவம்னுகூடத் தோணல. என்னடா இது, அவனுக்கு வச்சது அவ மேல விழுந்துடுச்சேன்னுதான் ஆத்திரம் வந்துச்சு.

அப்புறம் ரெண்டாவதா என்ன பண்ணா தெரியுமா? அந்த ஊரு எல்லையில இலுப்பை மரத்தடியில பிடாரியம்மன் இருக்கா. கூரை கிடையாது, கோபுரம் கிடையாது. கல்லுதான், ரெண்டு பெரிய கண்ணு. யாராவது அநியாயம் பண்ணிட்டா, வரமொளகாயை அரைச்சு அந்த அம்மன் மேல பூசிட்டு, “என் எதிரி எரியணும்”னு வேண்டிக்குவாங்க. வேம்பாயி ரெண்டு படி மொளகா வாங்கினா. அங்கயே கிடந்த அம்மியில கடகட கடகடன்னு அரைச்சா. தும்மல் வருது, அச்சு அச்சுன்னு தும்மிக்கிட்டே அரைச்சா. அள்ளி அம்மன் நெத்தியில, கன்னத்துல, கண்ணுல அப்பினா. “தாயே, உனக்கு எரியுதுல்ல? அப்படியே அவனும் எரியணும். அவன் நாத்து கருகணும், அவன் வீடு கருகணும்.”

வந்து படுத்தா. யாருக்கு எரிஞ்சுது? அவ கைதான் எரிஞ்சுது. தண்ணியில வச்சாலும் எரியுது, மோர்ல வச்சாலும் எரியுது. கையை உதறிக்கிட்டு மறுபடி அந்த மதகுக்கும் இந்த மதகுக்கும் நடை. வைத்திலிங்கம் என்னடான்னா சைக்கிள்ல கிணிங் கிணிங்னு அவளைத் தாண்டிப் போறாரு.

“ம்… அப்புறம்?”

தூங்கலையா இன்னும்? கையைக் குடு, இங்க வை.

மூணாவது. மூணாவதுதான் பொல்லாதது. அந்த மருந்து நெல்லை முடிஞ்சு வச்சிருந்தால்ல, அதை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டா. வைத்திலிங்கத்துக்குப் பன்னெண்டு ஆடு. தினமும் பொழுது சாயுறப்போ அதுங்களாவே வாய்க்கால் கரையோரமா ஒத்தையடிப் பாதையில வீட்டுக்குத் திரும்பும். அவன் வரப்புல தூவுனான்ல, நானும் பாதையில தூவுறேன். அவன் ஆடு வந்து தின்னா நான் என்ன பண்றதுன்னு நானும் பல்லு தேச்சுக்கிட்டே சொல்றேன்னு நெனச்சா.

போனா. முடிச்சை அவுத்தா. பாதை நெடுக அந்த நெல்லைத் தூவிட்டா. தூரத்துல ஆட்டு மணி கிண் கிண் கிண்ணுன்னு கேக்குது. புதருக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கலாம்னு திரும்பினா…

பக்கு பக்கு பக்கு பக்கு.

“வாத்து!”

ஆமா! அந்த ஏழும். அவ எங்க போனாலும் பின்னாடியே வர்ற ஏழும், கழுத்தை நீட்டிக்கிட்டு, நெல்லைப் பாத்துட்டு ஓடி வருது! அவ கையால தூவுனா அது தீனின்னுதானே அதுங்களுக்குத் தெரியும்?

வேம்பாயி அலறினா. “போ! போ! வராத!” அதுங்களுக்கு அவ குரல் கேட்டா கிட்ட வரத்தான் தெரியும், போகத் தெரியாது. இன்னும் வேகமா ஓடி வருது. இவ பாதையில குப்புற விழுந்தா. விழுந்து ரெண்டு கையாலயும் நெல்லை வாரி வாரி வயித்துக்கடியில இழுத்துக்கிட்டா. ஒரு வாத்து தலையை உள்ள விட்டுக் கொத்தப் போச்சு, அதைக் கன்னத்தாலயே தள்ளினா. ஒண்ணைக் காலால எத்தினா. எத்தினதும் அது கீச்சுன்னு கத்துச்சு பாரு, அவ இதுவரைக்கும் ஒரு வாத்தை எத்தினதே இல்ல. அந்தப் பக்கம் ஆட்டு மணி கிட்ட வந்துடுச்சு. மண்ணோட, கல்லோட, சருகோட அள்ளி அள்ளி முந்தானையில போட்டா. நகம் பேந்துடுச்சு. ஆடுங்க வந்துச்சு, அவளைச் சுத்தி நின்னு மே… மேன்னு வேடிக்கை பாத்துச்சு. ஒரு குட்டி அவ தோளை மோந்து பாத்துட்டுத் தாண்டிப் போச்சு. பன்னெண்டும் போற வரைக்கும் அவ எழுந்திரிக்கல.

எல்லாம் போனதுக்கு அப்புறம், ஒத்தை நெல்லு விடாம பொறுக்கி, குழி தோண்டி, போட்டு மூடி, மேல ஒரு பாறாங்கல்லை உருட்டி வச்சா. வாத்து ஏழையும் எண்ணினா. மறுபடி எண்ணினா. ஏழு இருக்கு.

அப்பதான் தேனு, அத்தனை நாளா வராத அழுகை வந்துச்சு. அந்தப் பாதையிலயே உக்காந்து கையைக் குவிச்சா. அம்மன் அங்க இல்ல, வெளக்கு இல்ல, பூ இல்ல. மண்ணும் அவளுந்தான். “தாயே, என்னால இதைத் தூக்கிக்கிட்டு நடக்க முடியல. யார்கிட்ட குடுத்தாலும் திரும்பி எங்கிட்டயே வருது. நீ வாங்கிக்கோ. எனக்கு வலிக்குது. எனக்கு வலிக்குது தாயே.” இவ்வளவுதான் வேண்டினா. அவன் பேரு அதுல வரல. அவனுக்கு நல்லது பண்ணுன்னும் கேக்கல, கெட்டது பண்ணுன்னும் கேக்கல.

“ம்.”

மறுநாள் விடிஞ்சதும் ஒரு குடத்தை எடுத்துக்கிட்டுப் பிடாரியம்மன்கிட்ட போனா. அவ பூசின மொளகா அப்படியே காஞ்சு, கண்ணெல்லாம் செவசெவன்னு அப்பிக் கிடக்கு. “உன் கண்ணுலயாடி நான் இதைப் பூசினேன்”னு, சாமியைப் போய் டி போட்டுப் பேசிட்டு, வாய்க்கால்ல தண்ணி மொண்டு வந்து சளக்குன்னு ஊத்தினா. போகல. மொளகா லேசுல போகுமா? விரலால தேய்ச்சா. கண்ணு ஓரம், மூக்கு ஓரம்.

மொத நாளு கழுவிக்கிட்டே அழுதா. செத்த வாத்தோட பேரு ஒவ்வொண்ணாச் சொன்னா. மஞ்சமூக்கி மழை பெஞ்சா என் மடிக்கு வருவா தாயே. சட்டித்தலைச்சி முட்டையை ஒளிச்சு வைப்பா தாயே. ஊமச்சின்னு வந்ததும் தலையை மட்டும் ஆட்டினா.

ரெண்டாம் நாளு சாமியைத் திட்டினா. “நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த? இம்மாம் பெரிய கண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்ண?” நல்லா திட்டினா. திட்டத் திட்டத் தண்ணி ஊத்தினா.

மூணாம் நாளு பேச ஒண்ணும் இல்ல. சும்மா கழுவினா. மஞ்சத்தண்ணி ஊத்தினா. செவப்பு எல்லாம் போய் கருங்கல்லு பளபளன்னு ஈரமா நின்னுச்சு. அப்போ திடீர்னு வைத்திலிங்கம் ஞாபகம் வந்துச்சு. வந்துச்சு, நெஞ்சு எரியல. வலிச்சுது, ஆனா எரியல. இவளுக்கே ஆச்சரியம்.

அப்போ பின்னாடி சைக்கிள் விழுற சத்தம். தடால்!

வைத்திலிங்கம். கையில கம்பு. மூஞ்சி வெளுத்துக் கிடக்கு. “என் பொண்டாட்டி காலு வீங்கி ரெண்டு நாளாக் காய்ச்சல்ல கிடக்கா. நீ மொளகா அரைச்சுப் பூசினதா ஊரே பேசுது. என்ன செய்வினை வச்ச? எடு! எடுக்கலைன்னா இங்கயே கொன்னுடுவேன்!”

“அடிச்சாரா அத்தை?”

பொறு. வேம்பாயி குடத்தைக் கீழ வச்சா. ஓடல. “ஆமா, பூசினேன். மூணு நாளா நாந்தான் கழுவுறேன். வந்து பாருங்க, மிச்சம் இருக்கான்னு. இன்னொண்ணும் சொல்லணும். உங்க வரப்பை வெட்டினது நாந்தான். அந்தம்மா காலுல கண்ணாடி ஏறுனது என்னாலதான். உங்க ஆட்டைக் கொல்லவும் வந்தேன். சாமி காப்பாத்துச்சு, உங்க ஆட்டையும் என்னையும்.”

வைத்திலிங்கம் கம்பை ஓங்கிட்டாரு. அவ அவரு மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நின்னா. காத்துல இலுப்பை இலை சரசரன்னுது. அப்புறம் கம்பு கீழ இறங்குச்சு. அவரு ஈரக் கல்லைப் பாத்தாரு. கழுவி விட்ட அந்தக் கண்ணு ரெண்டும் அவரையே பாக்குது.

“எலிக்கு வைக்கல”ன்னாரு. “உன் வாத்துக்குத்தான் வச்சேன். ரெண்டு மூணு செத்தா நீ பயந்து போயிடுவன்னு நெனச்சேன். எல்லாம் போகும்னு நெனைக்கல.”

“தெரியும் ஐயா”ன்னா வேம்பாயி. “அதை உங்க வாயால கேக்கத்தான் அன்னைக்கு வாசல்ல நின்னேன்.”

அவரு சைக்கிளைக்கூட எடுக்காம உக்காந்துட்டாரு.

வேம்பாயி அவருக்கு ஆறுதல் சொல்லல. பரவாயில்லைன்னும் சொல்லல. நூறு வாத்து செத்தது எப்படிப் பரவாயில்லைன்னு ஆகும்? நேரா அவரு வீட்டுக்குப் போனா. செம்பகத்துக்கிட்ட எல்லாத்தையும் சொல்லி, காலைத் தொட்டுக் கும்பிட்டா. செம்பகம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. திருப்பிக்காம என்ன பண்ணுவா? ஆனாலும் வேம்பாயி மாட்டு வண்டி புடிச்சு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. உள்ள இருந்த சில்லை எடுத்துக் கட்டுப் போட்டாங்க. வர்ற வழியில வண்டி ஆடுறப்போ செம்பகம்தான் மொதல்ல பேசினா. “எலின்னு எங்கிட்டயும்தான் சொன்னாரு. நான் நம்பினேன் வேம்பாயி.” அப்புறம் கொஞ்ச தூரம் போயி, “அந்த ஏழுல ஆணு இருக்கா?”

“ஒண்ணு இருக்கும்மா.”

“அப்போ முட்டை பொரியும்ல?”

“எங்க? என் வாத்துங்க முட்டை போடும், அடையில உக்காராது.”

“எங்க வீட்டுல ரெண்டு கோழி அடைக்கு நிக்குது. முட்டையைக் கொண்டா”ன்னா செம்பகம்.

“கோழி… வாத்து முட்டையிலயா…”

ஆமாடி. கோழிக்கு என்ன தெரியும், முட்டைன்னா முட்டை. இருபத்தெட்டு நாளு. அந்த ஒரு மாசமும் வேம்பாயி காலையில குடத்தோட அம்மன்கிட்ட போவா, அப்புறம் இங்க வந்து கோழியைப் பாப்பா. சில நாளு பழைய எரிச்சல் திரும்ப வரும். வந்தா ரெண்டு குடம் சேத்து ஊத்துவா.

அப்புறம் ஒரு நாளு டிக்கு டிக்குன்னு ஓடு வெடிச்சு, மஞ்ச மஞ்சேர்னு பதினேழு குஞ்சு. கீ கீ கீ கீ. கொஞ்ச நாள்ல கோழி ரெண்டும் பதினேழையும் கூட்டிக்கிட்டு வாய்க்கால் பக்கம் மேயப் போச்சு. தண்ணியைப் பாத்ததும் குஞ்சுங்க தொபுக் தொபுக் தொபுக்குன்னு குதிச்சுடுச்சு! ஐயோ, கோழிங்களுக்கு உசுரே போச்சு. கொக்கொக்கொக்கொக்குன்னு கரையில இந்தப் பக்கம் ஓடுது, அந்தப் பக்கம் ஓடுது, எம்புள்ளைங்க முழுகிடுச்சேன்னு இறக்கையை அடிச்சுக்குது. குஞ்சுங்க ஜாலியா நீந்துது. செம்பகம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. அதைப் பாத்து வேம்பாயிக்கும் சிரிப்பு வந்துடுச்சு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா.

“மன்னிச்… சுட்டாளா அத்தை… அவரை?”

அதை அவ யார்கிட்டயும் சொல்லலடா. எனக்கும் தெரியல. வைத்திலிங்கம் அந்தக் கரையில மம்பட்டியோட நின்னுக்கிட்டு இருந்தாரு. இங்க வரலாமா வேணாமான்னு தெரியாம, பாத்தும் பாக்காத மாதிரி. அப்போ ஒரு குஞ்சு வழி தப்பி அவரு பக்கமாப் போயிடுச்சு. வேம்பாயி இங்கருந்து குரல் கொடுத்தா.

“ஐயா, ஒரு குஞ்சு உங்க பக்கம் வருது. இந்தப் பக்கம் தட்டி விடுங்க.”

அவரு மம்பட்டியைப் போட்டுட்டு, வேட்டி நனையத் தண்ணியில இறங்கி, ரெண்டு கையையும் குவிச்சு, மெதுவா… மெதுவா… தண்ணியைத் தள்ளித் தள்ளி, அந்தக் குஞ்சை இந்தக் கரைக்கு அனுப்பி வச்சாரு.

…

ம் காணோமே. சரி. கதை கரையேறிடுச்சு கண்ணு, நீயும் தூக்கத்துல இறங்கு.